பால்வாடித் தளத்துக்கு நான் சேர்த்த தண்ணீர்

சின்னவர்கள் இருவருக்கும் எழுதுகிறேன். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கேட்டீர்களே, "அக்காதான் பால்வாடியப் பூட்ட வச்சுச்சாமே, அய்யா கட்டுனதையே குத்தம் சொல்லுச்சாமே" என்று. அன்றைக்கு உங்கள் மேல் கத்திவிட்டேன். தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனேன். கோபம் உங்கள் மேல் இல்லை. யார் யார் மேல் என்று வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறுபடி கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் அக்காவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பால்வாடியைப் பூட்ட வைத்தது அக்கா இல்லை. நான். என் கையெழுத்து.

நான் பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். கண்மாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த உப்பளத்து ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் இந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஒரு மாதம் வயிறு கட்டுக்குள் இல்லை. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதும் மறந்துவிட்டது. இந்த இரண்டு வாக்கியத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கொத்து வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காங்கிரீட் கலவை போடுவதற்கு முன்னால் தலைக் கொத்தனார் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். மணலிலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பார். கரித்தால் அந்தத் தண்ணீர் ஆகாது, அந்த மணல் ஆகாது. உப்பு உள்ளே போனால் கம்பியைத் தின்றுவிடும் என்பது படிக்காத எங்களுக்கும் தெரியும். என் நாக்குக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர் இருந்தது. பக்கத்து ஊர் வேலைக்குக்கூடக் கூப்பிட்டு விடுவார்கள். "மாமா, ஒரு வாய் பாத்துச் சொல்லிட்டுப் போங்க" என்பார்கள். நானும் ஏதோ வைத்தியர் மாதிரி போய், கொப்பளித்து, துப்பி, "ம், போடு" என்று சொல்லிவிட்டு வருவேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போல் இருக்கிறது.

அக்கா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பால்வாடி கட்டும் வேலை வந்தது. காண்ட்ராக்டர் வெளியூர்க்காரர். நான் தலைக் கொத்தனார். கூரைத் தளம் போடும் நாளைக்கு லாரியில் நல்ல தண்ணீர் வரும் என்று பேச்சு. ஜல்லி வந்தது, சிமென்ட் வந்தது, ஆள் அத்தனையும் வந்து நின்றது, லாரி வரவில்லை.

காண்ட்ராக்டர், "கெணத்த வச்சுக்கிட்டு லாரிக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்? கொத்தனாரே, நாக்குல வச்சுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் அள்ளிப் பார்த்தேன். "நல்ல தண்ணிதான். ஊரே இதத்தான குடிக்குது" என்றேன்.

மேற்பார்வைக்கு வந்திருந்த பொறியாளர் கருவேல நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலைக்குள் தளம் போட்டு முடித்துவிட்டோம். கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுக்க, அளவான சிமென்ட் கட்டைக்குப் பதிலாக ஜல்லிக் கல்லைத்தான் வைத்தோம். எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். பிறகு உங்கள் இருவரையும் அந்தப் பால்வாடியில்தான் சேர்த்தேன். அந்தத் தளத்துக்கு அடியில் படுத்துத்தான் தூங்கி எழுந்து வந்தீர்கள்.

இனி அக்கா படிப்பு. மதுரையில் கட்டிடக்கலைக்கு இடம் கிடைத்தபோது, வீடு கட்டும் படிப்புத்தானே, அதை என்னிடமே கற்றுக்கொள்ளலாமே என்றுதான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். முதல் விடுமுறைக்கு ஒரு சுருட்டுக் காகிதத்தோடு வந்தாள். நம் வீட்டை வரைந்து, அதன் மேல் சூரியன் எந்த மாதம் எந்தப் பக்கம் போகிறது என்று வளைவு வளைவாகக் கோடு போட்டிருந்தாள்.

"வெயிலு எங்கிட்டு வருது, எங்கிட்டுப் போகுதுன்னு வரையவா தாயி அஞ்சு வருசம்? எங்கிட்டக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்."

"சொல்லிருவீக. அப்புறம் எதுக்குய்யா மேக்குச் செவுத்த ஒட்டி எங்களப் படுக்கப் போட்டீக? பொழுது சாய்ஞ்சும் செவுரு தோசக்கல்லு மாதிரி கொதிக்குது."

உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த வாரமே மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றுப் பந்தல் போட்டேன். நீங்கள் இப்போது மதியம் கிடந்து தூங்குகிற இடம் அதனால்தான் குளிர்ச்சியாக இருக்கிறது.

வருடத்துக்கு வருடம் ஒன்று சொல்லுவாள். சாம்பலில் செய்த செங்கல், தளத்தின் நடுவில் பழைய கூரை ஓடுகளைப் பதித்துச் சிமென்டைக் குறைப்பது, மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்தே இறக்கித் தொட்டியில் சேர்ப்பது, மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று நுழைந்து வெளியேறுகிற மாதிரி ஜன்னலை எதிரும் புதிருமாக வைப்பது. கம்ப்யூட்டரில் வரைந்தால் கட்டாத வீட்டுக்குள் நடந்து போகலாம் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் ஒரு குதர்க்கம் வைத்திருப்பேன். அவளும் விடமாட்டாள். ஒரு விஷயத்தில் மட்டும் இருவர் கோபமும் ஒன்றாக இருந்தது. வகுப்பில் காட்டுகிற படமெல்லாம் பனி பெய்கிற தேசத்துக் கண்ணாடி மாளிகையாம். "எங்க சாருக்கு உப்புக்காத்துன்னா என்னன்னே தெரியலய்யா. இரும்பு ஜன்னல் எப்படித் துருப்பிடிக்கும்னு கேக்குறாரு" என்றாள்.

கடைசி வருடம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரிய வேலை எடுத்துச் செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் விமான நிலையம், அருங்காட்சியகம் என்று எடுத்தார்கள். அக்கா, உப்புக்காற்று ஊரில் சின்னச் சின்னப் பொதுக் கட்டிடங்களை நாள்பட நிற்கும்படி கட்டுவது எப்படி என்று எடுத்தாள். "பால்வாடியெல்லாம் ஒரு தலைப்பாம்மா?" என்று ஆசிரியர் கேட்டாராம். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் இருக்கிற கட்டிடம் ஒரு தலைப்பு இல்லையா?

தை மாதம் அளவெடுக்க ஊருக்கு வந்தாள். வந்த அன்றே குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் இப்படித்தான் செய்வாள். நாங்களும் வழக்கம் போலச் சிரித்தோம்.

"மதுரத் தண்ணி குடிச்சு நாக்கு மெருகேறிப் போச்சு மகாராணிக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அய்யா, பால்வாடிக்கு எந்தத் தண்ணி ஊத்துனீக?"

"இதே கெணறுதான். நாக்குல வச்சுப் பாத்துத்தான் போட்டேன். ஏன்?"

அவள் பையைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். தண்ணீரில் உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கிற மருந்தாம். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டாள். ஒன்றில், அம்மா பருப்பு வேக வைக்கப் பிடித்து வைத்திருக்கிற மழைத் தண்ணீர். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். குப்பியிலிருந்து இரண்டிலும் சில சொட்டு விட்டாள். மழைத் தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் பாலாகத் திரண்டு வெளுத்துப் போனது. வெளுப்பு அத்தனையும் உப்பு என்றாள்.

"இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குதேன்னு நான் இருபது வருசமாச் சொல்றேன், யாரு கேட்டா?" என்றாள் உங்கள் அம்மா.

நான் கேட்டதில்லை. அடுப்படிப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்காவோடு பால்வாடிக்குப் போனேன். அவள் நீளக் கம்பை எடுத்துத் தளத்தின் அடிப்பக்கம் தட்டிக்கொண்டே போனாள். சில இடத்தில் கணீர் என்றது. நடுவில் வரவரப் பொத்துப் பொத்தென்று பறங்கிக்காயைத் தட்டுகிற சத்தம். அண்ணாந்து பார்த்தால், கம்பி போன வழியெல்லாம் பழுப்புக் கோடு. வெள்ளையடித்து வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். ஓரிடத்தில் கம்பு பட்டதும் தோசையளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி பெருத்து, வெடித்து, கருப்பட்டி மாதிரி பொரிந்து கிடந்தது. பிள்ளைகள் அப்போது வெளியே மரத்தடியில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

அக்கா துளை போட்டுப் பொடி எடுத்து, பையில் இட்டுச் சீட்டு ஒட்டி மதுரைக்குக் கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்துச் சோதனைத் தாளோடு வந்து நேராக ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாயி, நீ படிக்கிற புள்ள. உன் பரீட்சைக்கு எழுதுனதக் காட்டிக் கட்டிடத்தப் பூட்டுனா மேல உள்ளவுக என்னையத்தான் கேள்வி கேப்பாக. எந்தத் தண்ணியில கட்டுனதுன்னு கட்டுன ஆளு எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கே அனுப்பி வைக்கிறேன்." என்னைப் பார்த்தார். "என்ன கொத்தனாரே?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் என்னையக் கலவைக்குக் கூப்புடுவான்? உன் படிப்புக்கு நான்தான் கெடச்சனா?" என்று கத்தினேன்.

"படிப்புக்கு இல்லய்யா. அங்கன இருபது பிள்ளைக படுத்துத் தூங்குதுக."

"பதினஞ்சு வருசமா நிக்குதுல்ல?"

"நிக்குதுன்னு யாரு சொன்னா? தொங்குது."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அவள் நகரவும் இல்லை. அன்று மாலையே பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனில் அம்மாவிடம் மட்டும் பேசினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்: "அய்யா எழுதிட்டாகளா?" நான் எழுதவில்லை. பால்வாடி வழியாகப் போவதை விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு உப்பளத்துப் பாதையில் போனேன். பயந்தவன் நடக்கிற நடை அது.

சித்திரையில் கடைசித் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, பிள்ளைகள் வரைந்ததைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார். பெற்றோரும் வரலாம் என்றார்கள். அம்மா என்னைத் தள்ளிவிட்டாள்: "போயி நில்லுங்க. பேசாட்டியும் பரவால்ல." போனேன். பின்னால் சுவரோரம் நின்றேன்.

அக்கா சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருந்தாள். ஒரு புதுப் பால்வாடி. அதன் கூரைத் தண்ணீர் தொட்டிக்கு இறங்குகிறது. வருகிற கட்டிட வேலைக்கெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரை எடுக்கலாம். கம்பிக்கு மேல் எவ்வளவு கனம் காங்கிரீட் வேண்டும் என்று குறித்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. தேர்வாளர் அதையெல்லாம் வேகமாகக் கடந்து, பழைய கட்டிடத்தின் கதை எழுதிய பக்கத்தில் நின்றார். நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கத்தை அவள் அதில் எழுதியிருந்தாள்.

அவர் அரங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதாம்மா நம்ம நாட்டுப் பிரச்சினை. நீ எவ்வளவு சஸ்டெய்னபிளா டிசைன் பண்ணு, கடைசியில படிக்காத ஒரு கொத்தனார் நாக்க நீட்டிப் பாத்துக் காங்கிரீட் போடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், அந்தக் கொத்தனார் பின்னாடிதான் நிக்கிறாரு. எங்க அய்யா" என்றாள் அக்கா.

சிரிப்பு நின்றது. தேர்வாளர் சங்கடப்பட்டு, மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திருகி ஒரு வாய் குடித்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அது மண்டையில் அடித்தது. பதினைந்து வருடம் மறந்திருந்தது.

தளம் போட்ட அன்றைக்கு அந்தப் பொறியாளருக்கு நாங்கள் டீ கொடுத்தோம். அதே கிணற்றுத் தண்ணீரில் போட்டது. ஒரு வாய் உறிஞ்சியவர் தூவெனத் துப்பினார். "என்னய்யா, கடல்ல மொண்டா காச்சுனீங்க?" என்று டம்ளரைக் கவிழ்த்தார். தான் ராமநாதபுரத்திலிருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் கூஜாவைத் திறந்து குடித்தார். அதே கையால் அந்தத் தண்ணீரில் காங்கிரீட் போடலாம் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டவுன்காரன் நாக்கு, பொறுக்காது என்று. ஐயோ, அன்றைக்கு அந்த இடத்தில் வேலை செய்த ஒரே நாக்கு அவருடையதுதான்! என் நாக்கு எப்போதோ மரத்துவிட்டது. எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. வாயில் பட்டது, துப்பினார், தெரிந்தே எழுதினார்.

நான் சுவரோரத்திலிருந்து முன்னால் போய்விட்டேன். "அய்யா, நான் எட்டாவதுதான். என் நாக்கு கெட்டுப்போச்சு, ஒத்துக்கிறேன். தெனம் குடிச்சு மரத்துப்போச்சு. ஆனா அந்தத் தண்ணிய வாயில வச்ச ஒடனே துப்புன ஆளு ஒருத்தரு அங்கன இருந்தாரு. உங்களாட்டம் படிச்சவரு. அவரு துப்பிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. அவரு நாக்கப் பத்தியும் ஒரு வார்த்தை சிரிங்களேன், பாப்போம்."

தேர்வாளர் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் கேட்டார்: "இது உன் ரிப்போர்ட்ல இருக்காம்மா?"

"இல்ல சார். எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குத் தேர்ச்சி கொடுத்தார்கள். முதல் இடம் விமான நிலையத்துக்குப் போனது.

வரும் வழியில் ராமநாதபுரத்தில் இறங்கி வெள்ளைத்தாள் வாங்கினேன். எந்தக் கிணறு, யார் கேட்டது, நான் என்ன சொன்னேன், பொறியாளர் டீயைத் துப்பியது, எல்லாம் எழுதினேன். தலைவர் படித்துவிட்டு, "கடைசி வரிய மட்டும் எடுத்துருங்க கொத்தனாரே, அது எதுக்கு வம்பு?" என்றார்.

"அது இருந்தாத்தான் தாளத் தருவேன்."

மூன்றாம் நாள் பால்வாடி பூட்டப்பட்டது. பிள்ளைகளை உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். வெக்கை, ஈ, நடந்து போகிற தூரம். தாய்மார்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யாரைத் திட்டுகிறார்கள்? உங்கள் அக்காவை. காண்ட்ராக்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. பொறியாளர் ஓய்வு பெற்று வீடு கட்டுகிறாராம். அங்கே வேலை செய்கிற ஆள் சொன்னான், தண்ணீர் மட்டும் லாரியில் வருகிறதாம். இதைக் கேட்ட அன்று என் கையில் இருந்த ரசமட்டத்தைச் சுவரில் அடித்து உடைத்தேன். நல்ல ரசமட்டம். என்ன செய்ய?

முந்தாநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், ஊர் வேறு மாதிரி சொல்வதற்குள். பூட்டி மூன்று மாதமாகியும் தளம் விழவில்லை, ஆகவே பூசி வெள்ளையடித்துத் திறக்கலாம் என்று அதே காண்ட்ராக்டர் ஆள் அனுப்பியிருந்தார். நான் போய் வாசற்படியில் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் என்னோடு வேலை செய்தவர்கள்.

"அண்ணே, தள்ளுங்க. எங்க பொழப்பக் கெடுக்காதீக."

"மேல பூசுனா உள்ள துரு செத்துருமாடா? கெட்டுப்போன பல்லுக்கு மேல சுண்ணாம்பத் தடவுவியா?"

"ஒங்க மக படிச்சா படிச்சுட்டுப் போகுது. அதுக்கு ஊரே பூட்டிக் கெடக்கணுமாக்கும்?"

"ஏலே, எம் மக பேர எடுத்தா கரண்டி வாயில இருக்கும்" என்றேன். அவனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சித்தாள் இருந்தாள். கொட்டகையில் கிடக்கிற பிள்ளைகளில் ஒன்று அவளுடையது. தலையில் கலவைச் சட்டியோடு நின்றவள், "எல்லாரும் வாய மூடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "கொத்தனாரே, உள்ளதச் சொல்லுங்க. இது விழுமா, விழாதா?"

"என்னைக்குன்னு தெரியாது. விழும்."

"உங்க பிள்ளைய விடுவீகளா உள்ள?"

"ரெண்டு பிள்ளைய விட்டேன், தெரியாம. இனி எவன் பிள்ளையையும் விடமாட்டேன்."

அவள் சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். "எனக்கு இந்த வேலை வேணாம்" என்று தலையில் இருந்த சும்மாட்டை உதறினாள். காண்ட்ராக்டர் ஆள், "நாளையில இருந்து எந்த வேலைக்கும் வராத" என்றான். அவள் போய்விட்டாள். கலவை இறுகத் தொடங்கியது. மற்றவர்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

துப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் நிம்மதியாக வீடு கட்டுகிறார். வேலை போனது இவளுக்கு. இதைத்தான் ஊரில் கேட்கிறவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் போகிறேன், கையெழுத்துப் போட்டவர் மேல் என்ன நடவடிக்கை, புதுப் பால்வாடி எப்போது என்று கலெக்டர் அலுவலகத்தில் நேரில் கேட்க. அக்கா சோதனைத் தாளோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். நாங்கள் திரும்பி வரும்வரை பால்வாடி வாசலில் நீங்கள் இரண்டு பேரும் நில்லுங்கள். பூட்டைத் தொட எவன் வந்தாலும் அம்மாவைக் கூப்பிடுங்கள்.